மேடையில் சரிசமம்

கலிஸ்டோவில் காலையில் கண் விழித்ததும் யாரும் பல் துலக்க ஓடுவதில்லை. எந்த எலும்பு ஒடிந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வார்கள். கட்டிலே சொல்லிவிடும். தூங்குகிறவரின் உடம்பை ஊடுருவிப் பார்த்து, விடிந்ததும் ராசிபலன் வாசிப்பது போல நிதானமாக ஒப்பிக்கும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நல்ல நாள். வழியில் எதிர்ப்படுகிறவரை "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதற்குப் பதிலாக "முழுசா இருக்கீங்களா?" என்று கேட்பதுதான் அங்கே வழக்கம்.

"வலப்பக்கம், மூன்றாவது விலா. கீறல். காரணம், தும்மல்" என்றது நன்மாறனின் கட்டில்.

"தும்மினதையும் தண்டோரா போடு" என்றான் நன்மாறன்.

அவனுடைய அக்கா கனியமுது கஞ்சியைக் குழாய்க் குவளையில் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பனியர் பல்கலைக்கழகத்தில் எலும்பியல் துறைத் தலைவி அவள். ஊரில் பாதிப் பேருடைய எலும்பு அவளுக்கு மனப்பாடம். தம்பியின் எலும்பைப் பார்க்க மட்டும் கொஞ்ச நாளாகத் தைரியம் வரவில்லை. அவனுடைய முதுகுத்தண்டு இந்தக் கப்பல் போய் அடுத்தது வரும்வரை தாங்காது என்று அவளே கணித்து, அவளே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அவனுக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரியும்.

"அக்கா, கப்பல் வந்துடுச்சாமே."

"வந்துடுச்சு."

"அதுவும் வந்திருக்கா?"

"வந்திருக்கு. விழாவுல காட்டறதுக்கு."

"காட்டிட்டு?"

கனியமுது குவளையை அவன் வாயருகே கொண்டுபோனாள். "முதல்ல குடிடா. ஆறிடப்போகுது."

வியாழனைச் சுற்றும் அந்தப் பனிக்கோளில் எல்லாமே பூமியில் இருக்கிற எடையில் எட்டில் ஒரு பங்குதான். பனி வெட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று நாலு தலைமுறைக்கு முன்னால் கூட்டிவந்து இறக்கினார்கள். வேலை முடிந்ததும் திரும்பக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். எங்கே கூட்டிப்போனார்கள்! பனியர் என்று பெயர்பெற்று இங்கேயே பிறந்த பிள்ளைகள் நெடுநெடுவென்று வளர்ந்தன; எலும்பு மட்டும் அப்பளமாகிவிட்டது. நொறுங்கு நோய் என்று அதற்குப் பெயர். கப்பல் கிளம்பும்போது ஏற்படும் அழுத்தத்தை எந்தப் பனியருடைய முதுகும் தாங்காது. ஆகவே அவர்கள் வேறெங்கும் போய்ப் படிக்க முடியாது. அவர்களுக்காக என்று பழைய பனிக்கிடங்கு ஒன்றில் தொடங்கியதுதான் பனியர் பல்கலைக்கழகம். கூரையில் ஈரம் சொட்டும். ஆனால் அங்கே படித்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

நன்மாறன் 'அது' என்று கேட்டது எலும்புநெய்வானை. ஓர் ஆளைப் படுக்கவைத்து மூடினால், ஒடிந்த எலும்பையும் ஒடியப்போகிற எலும்பையும் இழை இழையாக நெய்து கெட்டியாக்கிவிடுகிற கருவி. இழையின் சூத்திரத்தைக் கண்டுபிடித்தது கனியமுது. அதைச் சோதிப்பதற்கு எலும்பு கொடுத்தது பனியர்கள். நன்மாறனே ஒரு விலாவைக் கொடுத்தவன்தான். பூமியைச் சுற்றி மிதக்கும் மையப் பல்கலைக்கழகம் அதைக் கட்டி முடித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் சமபங்கு உடன்படிக்கை. கருவியின் உரிமை சரிபாதி. இருப்பிடம், மையம். நிலவுக்கு உல்லாசப் பயணம் போய்வந்து எலும்பு இளைத்தவர்கள் அங்கே வரிசையில் நின்று நெய்துகொள்கிறார்கள். பனியர்கள் யாரும் வரிசையில் இல்லை. இருக்க முடியாது.

இப்போது உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் விழா. கூட்டுச் சாதனை என்று காட்டுவதற்காக எலும்புநெய்வானையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். துறைமுகத்தில் இருந்தது. நன்மாறனின் கட்டிலிலிருந்து நடந்துபோகிற தூரம். ஆனால் உயிருள்ள ஒரு முதுகுத்தண்டை நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும்; விழா முடிந்ததும் அது திரும்பிப் போய்விடும். அடுத்த கப்பல் வர இன்னும் ஆறு வருஷம்.

கனியமுது தன் ஆய்வுக்கூடத்து நிலவறையைக் கழுவித் துடைத்து, மின்சாரம் இழுத்து, தரையைக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தாள். ஒரு வரி மாறினால் போதும். 'இருப்பிடம், கலிஸ்டோ' என்று மாறினால் போதும்.

அந்த ஒரு வரிக்காகத் துணைவேந்தர் மாசிலாமணியைப் பார்க்கப் போனாள்.

"வாம்மா, வா வா! நீயே பாரு. முதல் நொடியில நம்ம பேருதான் மேல!" என்றார் அவர்.

மேசைமேல் அழைப்பிதழ் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர்களும் நொடிக்கொரு தரம் மேலும் கீழுமாக இடம் மாறிக்கொண்டிருந்தன. யாரும் யாருக்கும் கீழே இல்லையாம். பார்த்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றியது.

"ஐயா, அந்த இருப்பிட வரி..."

"எழுத்து அளவு பாத்தியா? ஒரே அளவு. நான்தான் விடலை. மூணு மாசம் ஒளியஞ்சல் அனுப்பிச் சண்டை போட்டேன்."

"கருவி இங்கேயே இருக்கணும்னு ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லி நானும் மூணு மாசமா கேக்கறேன் ஐயா."

"கேட்போம்மா, கேட்போம். இப்பவே அதைக் கிளப்பினா இதுவும் கெட்டுப்போயிடும்." அவர் குரல் கொஞ்சம் தழைந்தது. "உனக்குத் தெரியாது. போன தடவை விழாவுல நானும் இருந்தேன். பின்வரிசை. படத்துக்குக் கீழே என்ன போட்டாங்க தெரியுமா? எல்லார் பேரையும் போட்டுட்டுக் கடைசியில 'மற்றும் பலர்'. நம்ம துணைவேந்தர், நான், நம்ம பேராசிரியருங்க பூரா... மற்றும் பலர்!"

அந்தப் படத்தை அவர் இன்னமும் சுவரில் மாட்டிவைத்திருந்தார். மறக்கக் கூடாதென்று. கனியமுதுவுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பனிவெட்டியின் மகனாகப் பிறந்து இந்த நாற்காலிக்கு வந்தவர். அவமானம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருந்தாலும் ஒரு மனிதன் பன்னிரண்டு வருஷமாக இரண்டு வார்த்தையையா சுமந்துகொண்டு திரிவது?

அவர் கேட்க மாட்டார் என்று தெரிந்துபோயிற்று. அவள் நேராக நிகரியிடம் போனாள்.

நிகரி ஒரு நடுவர் இயந்திரம். பெரிய பல்கலைக்கழகங்கள் சிறியவற்றை, அதிலும் சிறுபான்மையினருக்கென்று இருப்பவற்றை, ஒப்பந்தம் என்ற பெயரில் ஏய்க்கின்றன என்று புகார் குவிந்ததால், உயர்கல்வி ஆணையம் ஒவ்வோர் உடன்படிக்கைக்கும் ஒரு நிகரியை அனுப்பத் தொடங்கியிருந்தது. தராசுத் தட்டுபோல இரண்டு அகன்ற கைகள், நடுவில் முகமில்லாத தலை. அது யாருக்கும் சலாம் போடாது. யாரையும் மட்டம் தட்டாது. அதன் சம்மதம் இல்லாமல் ஒரு கையெழுத்தும் செல்லாது.

கனியமுது போனபோது அது மேடையில் இரண்டு குவளைத் தேநீரின் சூட்டை அளந்துகொண்டிருந்தது. சூடு ஒன்றாக இருந்தது. அடுத்து இரண்டு பொன்னாடைகளை எடுத்து இரண்டு கைகளிலும் போட்டு எடை பார்த்தது. ஒன்றில் ஜரிகை ஓர் இழை கூட. பிரித்து எடுத்துவிட்டது.

"நிகரி, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கள், பேராசிரியர் அவர்களே. எதிர்த்தரப்பு என்னிடம் நேற்று எவ்வளவு நேரம் பேசியதோ, அவ்வளவு நேரம் உங்கள் தரப்புக்கும் உண்டு."

"எலும்புநெய்வான் சரிபாதின்னு போட்டிருக்கு. ஆனா எப்பவும் அவங்க கூடத்துலயே இருக்கும். இது என்ன சமம்?"

"உரிமை சமம். கருவியின் பலகையில் இரு பெயர்கள். ஆய்வுக் கட்டுரைகளில் மாறி மாறி முதலிடம். கருவி எங்கே நிற்கிறது என்பது தளவாட விவரம். அது என் தராசில் ஏறுவதில்லை."

"எங்க ஜனம் அங்க போக முடியாது. கப்பல் கிளம்பும்போதே செத்துடுவாங்க. அப்புறம் எங்களுக்கு எதுக்கு அந்தப் பாதி?"

"வருந்துகிறேன்" என்றது நிகரி. பொய்யில்லை, வருந்துவதற்கும் அதற்குள் ஓர் ஏற்பாடு உண்டு.

"வருத்தம் யாருக்கு வேணும்? இந்தக் கையெழுத்தை எதுதான் நிறுத்தும், அதைச் சொல்லுங்க."

"மாண்புக் குறைவு. ஒரு தரப்பின் தலைவர் தமக்கு மரியாதை குறைந்தது என்று முறையிட்டால் அந்தக் கணமே எல்லாம் நிற்கும். குறை வைத்த தரப்பு ஈடு தந்த பிறகுதான் தொடரலாம்."

"ஈடுன்னா? எதை வேணும்னாலும் கேட்கலாமா? கருவியைக்கூட?"

"எதையும் கேட்கலாம்."

கனியமுது மேடையைச் சுற்றிப் பார்த்தாள். தேநீர், பொன்னாடை, ஒலிவாங்கி, பூச்செண்டு. எங்கே தேடினாலும் ஒரு குண்டுமணி குறை இல்லை. அட கடவுளே, ஒரு சின்ன அவமரியாதைகூடச் செய்யாமல் விட்டார்களே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் நாற்காலிகளைப் பார்த்தாள். ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள். ஆனால் துணைவேந்தருடையதன் கால்கள் ஒரு சாண் குட்டை. அறுத்த இடம் புதிதாகப் பளிச்சென்று இருந்தது.

"இது என்ன?"

"மையத்தின் முதன்மையர் பூமியில் பிறந்தவர், உயரம் குறைவு. உங்கள் துணைவேந்தர் நெடியவர். நாற்காலிகள் சமமானால் தலைகள் சமமாகா. படத்தில் தெரிவது தலைதான். மையத்தின் விழாக்குழு முன்மொழிந்தது. கணக்குப்படி சரி என்பதால் ஒப்பினேன்."

கனியமுது வெளியே வந்தாள். ஒரு மனிதனின் ஆறாத புண்ணைக் கிளறிவிடப் போகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. தம்பியின் முதுகை நினைத்துக்கொண்டாள். கூச்சம் போய்விட்டது.

விழாவன்று கூடத்தில் எள் போட இடமில்லை. வர முடியாதவர்கள் படுக்கையிலிருந்தபடியே ஒளிபரப்பில் பார்த்தார்கள். எலும்புநெய்வான் மேடையின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று நின்றது. பனியர்கள் அதை எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செய்முறை காட்டுவதற்காக அதற்குள் ஓர் உடைந்த விலாவை வைத்து நெய்து காட்டினார்கள். நன்மாறன் என்றைக்கோ கொடுத்தது. கண்ணெதிரே அது இரும்பாகிப்போனது. கூட்டம் வாயைப் பிளந்தது.

மேடை ஏறும் படியில் கனியமுது துணைவேந்தரின் காதோரம் குனிந்தாள்.

"ஐயா, உங்க நாற்காலிக் காலை ஒரு சாண் அறுத்திருக்காங்க."

மாசிலாமணியின் முகம் இறுகிவிட்டது. "விளையாடாதேம்மா."

"நீங்களே அளந்து பாருங்க. ஐயா, ஒண்ணே ஒண்ணு. நீங்க முறையிட்டா எல்லாம் நின்னுடும். ஈடா எதைக் கேட்டாலும் கொடுத்தாகணும். கருவி இங்கேயே இருக்கணும்னு கேளுங்க. வேற எதுவும் வேண்டாம். என் தம்பி..."

"உன் தம்பி எனக்கும் தம்பிதான். கேட்கறேன். பெத்த அம்மாமேல ஆணையா கேட்கறேன்" என்றார் அவர்.

நேரே போய், கூட்டத்தின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு நாற்காலிக் கால்களையும் சாண் போட்டு அளந்தார். எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"யாருய்யா வெட்டினது? அன்னைக்கு 'மற்றும் பலர்'னு போட்டீங்க. இன்னைக்கு நாற்காலிக் காலை வெட்டறீங்க. அடுத்த தடவை வந்து தலையையே சீவுவீங்களா?"

நிகரியின் இரண்டு கைகளும் உயர்ந்தன. "மாண்புக் குறைவு பதிவாயிற்று. உடன்படிக்கை நிற்கிறது."

கூடம் அப்படியே அதிர்ந்துபோயிற்று. கனியமுதுவுக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஈடு பேசுவதற்கு மேடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. ஒரு பக்கம் மாசிலாமணி, அவர் பின்னால் கனியமுது. எதிரே மையத்தின் முதன்மையர் வசுந்தரா. நடுவில் நிகரி. வசுந்தரா கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கலிஸ்டோவின் மெல்லிய ஈர்ப்பில் அடிக்கொரு தரம் எம்பிவிடாமலிருக்கக் கனமான காலணி மாட்டிக்கொண்டு, பனியர்களைப் பார்த்த இடத்திலெல்லாம் கும்பிட்டுக்கொண்டே நடந்தவர். நாற்காலி விஷயம் கேட்டு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார்.

"எங்க தப்புதான் துணைவேந்தர் அவர்களே. எந்த வார்த்தையில மன்னிப்புக் கேட்கறதுன்னே தெரியலை. நீங்க எது கேட்டாலும் சரி."

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எலும்புநெய்வான் இங்கேயே இருக்கணும். எங்க ஜனம் அங்க வர முடியாது. அதனால அது இங்க இருக்கணும்."

கேட்டுவிட்டார்! சொன்ன சொல் மாறாமல் கேட்டுவிட்டார். கனியமுதுவுக்கு அந்த நிமிஷமே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

வசுந்தரா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கருவி உங்களோடதுதான். பாதி எதுக்கு? முழு உரிமையும் உங்களுக்கே. இன்னொண்ணும் சொல்றேன். இனிமே அதோட பேரு 'மாசிலாமணி எலும்புநெய்வான்'. சூரிய மண்டலம் பூரா அந்தப் பேரைத்தான் சொல்லும்."

மாசிலாமணி அந்தப் பெயரை ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஆனா எனக்கு ஒரு கவலை" என்றார் வசுந்தரா மெதுவாக. "உங்க பேரைத் தாங்கின ஒண்ணு, ஈரம் சொட்டற நிலவறையில நிக்கலாமா? உங்களுக்கு நாங்க இன்னொரு அவமரியாதை செஞ்ச மாதிரி ஆயிடாதா? மையத்தோட நடுக்கூடத்துல, உள்ளே நுழைஞ்சதும் கண்ணுல படற இடத்துல, உங்க உருவப்படத்தோட வைக்கிறோம். பராமரிப்பு எங்க பொறுப்பு. வர்றவங்க எல்லாரும் முதல்ல உங்களை வணங்கிட்டுத்தான் உள்ளே போவாங்க."

"நடுக்கூடத்துலயா?" என்றார் மாசிலாமணி.

"நட்டநடுவுல."

"ஐயா!" என்றாள் கனியமுது.

"இரும்மா." அவர் திரும்பவில்லை. கன்னத்தில் கண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கலிஸ்டோவில் கண்ணீர்கூட அவசரப்படாது. "எங்க அப்பா பனி வெட்டினவரு. அவரு பேரை யாரும் கேட்டதுகூட இல்லை."

"ஐயா, என் தம்பி இன்னும் ஒரு வருஷம் இருக்க மாட்டான். கருவி பக்கத்துல நிக்குது ஐயா. உங்க பேரை வச்சுக்கட்டும், படத்தை வச்சுக்கட்டும், கருவியை விட்டுட்டுப் போகச் சொல்லுங்க!"

"உணர்ச்சிவசப்படாதே கனியமுது. இது எனக்குன்னு நினைக்கிறியா? நம்ம ஜனத்துக்குக் கிடைச்ச மரியாதை இது. நாலு தலைமுறையில யாருக்குக் கிடைச்சுது, சொல்லு?" அவர் வசுந்தராவின் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "எனக்குச் சம்மதம்."

அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. நிகரியின் இடது கை தாழ்ந்தது.

"ஈடு அளவுக்கு மிஞ்சிவிட்டது" என்றது அது. "பெயர், படம், நடுக்கூடம். பனியர் பல்கலைக்கழகத்தின் தட்டு மிகவும் கனக்கிறது. இது சமமான உடன்படிக்கை ஆகாது. பனியர் தரப்பு பதிலுக்கு ஏதேனும் தரவேண்டும்."

"என்ன வேணும், கேளுங்க" என்றார் மாசிலாமணி. அந்த நேரத்தில் அவர் கர்ணன்தான்.

வசுந்தரா சங்கடப்பட்டார். "எங்களுக்கு எப்பவும் பற்றாக்குறை ஒண்ணே ஒண்ணுதான். எலும்பு மாதிரிகள்."

"அவ்வளவுதானா? எடுத்துக்குங்க."

நிகரியின் கைகள் சமமாயின.

விழா தொடர்ந்தது. வெட்டிய கால்களுக்குப் பதிலாக ஒரு சாண் உயரமான கால்களை ஒட்டினார்கள். மாசிலாமணி நடுவில் உட்கார்ந்தார். கருவியின் புதுப் பெயரை அறிவித்ததும் எழுந்த கரவொலி துறைமுகம்வரை கேட்டதாம். கனியமுதுவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, நிகரி பொன்னாடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது அதனிடம் போனாள். சண்டை போடத்தான் போனாள்.

"உனக்கு யாரு இந்தத் தராசைக் கொடுத்தது? ஒரு மனுஷனோட உசிருக்கு எடையே இல்ல, நாற்காலிக் காலுக்கு இவ்வளவு எடையா? எந்த மடையன் சொல்லிக் கொடுத்தான்?"

"யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டது" என்றது நிகரி. "என்னை உருவாக்கியபோது, பூமியில் இருநூறு ஆண்டுகளாகப் பெரிய கல்வி நிறுவனங்களும் சிறுபான்மையினருக்கான கல்வி நிறுவனங்களும் கூடிப் பேசிய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் முழுவதையும் என்னிடம் தந்தார்கள். சமம் என்று எதைக் கேட்டுப் போராடினார்கள் என்று பார்த்தேன். அழைப்பிதழில் பெயர் கீழே போய்விட்டது. மேடையில் ஓரத்து நாற்காலி. பொன்னாடை கடைசியில். படத்தில் பின்வரிசை. வரவேற்புரையில் 'மாண்புமிகு' விட்டுப்போனது."

"ஆய்வுக்கூடம், கருவி, மருந்து... இதெல்லாம் யாருமே கேட்கலையா?"

"கேட்டார்கள். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர்களே மறந்துவிட்டார்கள். நாற்காலிக்காக மட்டும் கிடைக்கும்வரை விடவில்லை. கூட்டத்தைப் புறக்கணித்தார்கள், வழக்குப் போட்டார்கள், தலைமுறைக்கும் பேசாமல் இருந்தார்கள். மனிதர்கள் எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்களோ அதுதான் கனமானது என்று எடுத்துக்கொண்டேன். தவறாகப் புரிந்துகொண்டேனா, பேராசிரியர் அவர்களே?"

கனியமுது வாயைத் திறந்தாள். போன வருஷம் ஒரு கருத்தரங்க அழைப்பில் தன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' விட்டுப்போனதென்று அதைத் திருப்பியனுப்பியதும், அந்தத் துறையோடு இன்றுவரை பேசாததும் நினைவுக்கு வந்தன. மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது நன்மாறனின் இரண்டு கைகளும் முழங்கைவரை நுரைக்கட்டுக்குள் இருந்தன.

"என்னடா ஆச்சு? விழுந்தியா?"

"இல்லக்கா. கை தட்டினேன்."

"என்னது?"

"ஒளிபரப்புல பாத்தேன். நம்ம ஆளு பேரை வச்சாங்களேக்கா! எப்படிக்கா தட்டாம இருக்கறது? ரெண்டு மணிக்கட்டும் போயிடுச்சு. நான் மட்டுமில்ல, பக்கத்துல எல்லாரும்தான்."

உண்மைதான். அந்தத் தாழ்வாரம் முழுக்க நுரைக்கட்டு வண்டி வீடு வீடாக நின்று போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வலியில் முனகுகிற சத்தமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பைத்தியமாடா உங்களுக்கெல்லாம்? அந்தக் கருவி திரும்பிப் போகுதுடா! உன்னை விட்டுட்டுப் போகுது!" அவள் அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"தெரியும்க்கா. அழாதே." கட்டுப்போட்ட கையால் அவள் தலையைத் தடவ முயன்றான், முடியவில்லை. அவன் முகம் என்னவோ கல்யாண வீட்டிலிருந்து வந்தவன் முகம் மாதிரி மலர்ந்திருந்தது. "எலும்பு கேட்டிருக்காங்களாமே? இந்த மணிக்கட்டு எப்படியும் ஒட்டாது. இதையே கொடுத்துடலாம். அவங்க நமக்கு இவ்வளவு பண்ணும்போது நாம சும்மா இருந்தா நல்லா இருக்காதுக்கா."

மறுநாள் கப்பல் கிளம்புவதற்கு முன்னால், எலும்பு கொடுக்க வந்தவர்களின் வரிசை துறைமுக வாசலையும் தாண்டி வளைந்து நின்றது. நடக்க முடியாதவர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். எலும்பியல் துறைத் தலைவி என்பதால் கத்தியைக் கனியமுதுதான் பிடிக்க வேண்டியிருந்தது. யார் முதலில் நிற்பது என்று வரிசையில் பெரிய தகராறு. பனிவெட்டிகளின் சங்கத் தலைவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார். நிகரி வந்து சமாதானம் செய்து வைத்தது.

கடைசியில் முதலிடம் நன்மாறனுக்குத்தான் கிடைத்தது. துறைத் தலைவியின் தம்பி அல்லவா.